பட்டாடை வைத்தவர் யார்?

ஐஸ்லாந்தின் திங்வெல்லிர் சமவெளியை நாங்கள் பார்த்ததில்லை. இனிப் பார்ப்போம் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆயினும் ஒரே துறையில் பணியாற்றும் நாங்கள் மூவர், சனிக்கிழமை மாலைகளில் கூடி 'நியால் சாகா'வை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து முடித்தபோது, அந்தப் பாறைப் பிளவின் ஓரத்தில் ஒரு கோடைக்காலம் தங்கியிருந்து திரும்பியது போலவே இருந்தது.

அல்திங் என்னும் அப்பேரவை கி.பி. 930 அளவில் தோன்றியது. நார்வேயிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கடல் கடந்து குடியேறிய அம்மக்கள் தமக்கென்று அரசன் எவனையும் ஏற்படுத்திக்கொள்ளவில்லை. ஆண்டுக்கொருமுறை, இரவிலும் வெளிச்சம் மங்காத கோடையில், தலைவர்களும் பண்ணைக்காரர்களும் குதிரையேறி வந்து கூடினார்கள். சட்டம் செய்தார்கள், வழக்குத் தீர்த்தார்கள், இடையே பெண் பேசினார்கள், வணிகமும் நடத்தினார்கள். சட்டமுரைப்போன் என்றொருவன் இருந்தான். மூன்றாண்டுப் பதவி. ஏடு ஏதுமின்றி, ஆண்டுக்கு மூன்றிலொரு பங்காக, நாட்டின் முழுச் சட்டத்தையும் நினைவிலிருந்தே அவன் ஓதியாக வேண்டும். ஊதியம் ஆண்டுக்கு 200 முழம் கம்பளித் துணி. 1117ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில்தான் சட்டங்களை எழுதிவைக்கும் வேலை தொடங்கிற்று. செவிவழி மரபு பற்றி வகுப்புதோறும் பேசிப் பழகிய எங்களுக்கு இச்செய்தி தந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று.

மகிழ்ச்சியோடு நின்றுவிட இயலாது. அந்த மன்றுகளில் பெண்கள் நீதிபதிகளாக அமர்ந்ததில்லை. பிற்காலத்தில், 16ஆம் நூற்றாண்டுக்குப் பின்னர், அதே இடத்திலுள்ள மடுவொன்றில் பெண்களை மூழ்கடித்துக் கொன்றிருக்கிறார்கள். தொடக்கத்திலிருந்தே வேறொரு குறையும் இருந்தது. தீர்ப்புச் சொல்ல மன்றம் உண்டு. அதை நிறைவேற்றக் காவலர் ஒருவரும் இல்லை. வென்றவனே தன் ஆட்களோடு போய்த் தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே சமரசத்துக்கு அங்கே பெருமதிப்பு இருந்தது.

அப்படியொரு சமரசம் குலையும் காட்சியில்தான் எங்கள் வாசிப்பு நின்றுபோயிற்று. சட்டம் கற்ற நியாலின் புதல்வர்கள், அவர் வளர்த்த மகனான ஹொஸ்குல்டைக் கொன்றுவிடுகிறார்கள். அல்திங்கில் நடுவர்கள் கூடி, வழக்கமான தொகையைப் போல மும்மடங்கு வெள்ளியை ஈடாக விதிக்கிறார்கள். அதில் பாதியை நடுவர்களே தருகிறார்கள். அனைவரும் தத்தம் பங்கைச் சேர்த்துக் குவியல் நிறைந்தபின், அதன்மேல் நியால் ஒரு பட்டு மேலாடையையும் ஒரு சோடிக் காலணியையும் வைக்கிறார். இறந்தவன் பக்கம் நின்று வழக்காடும் புளோசி குவியலைப் பார்த்து நிறைவடைகிறான். பின் அந்த ஆடையைத் தூக்கிப் பிடித்து, இதை வைத்தவர் யார் என்று கேட்கிறான். யாரும் வாய் திறக்கவில்லை. சிரித்தபடி மறுபடியும் கேட்கிறான். அப்போதும் மௌனம். பிறகு வசைமொழிகள் தொடங்குகின்றன; வெள்ளி மறுக்கப்படுகிறது. நியாலும் மனைவியும் மைந்தரும் தம் வீட்டுக்குள்ளேயே எரிந்து மாய்வது அதன் தொடர்ச்சி.

நியால் ஏன் பேசவில்லை? சாகாக்கள் மனத்துக்குள் புகுந்து சொல்வதில்லை. எங்களில் ஒருவர், அது முதியவரின் கூச்சம் என்றார். மற்றவர், கேள்வி கேட்கப்பட்ட தொனி பிழை என்றார். வாதம் நீளவில்லை. மூவருக்கும் வேறொரு மேசை நினைவுக்கு வந்துவிட்டிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தேர்வில் பார்த்து எழுதியதாக ஒரு மாணவர்மீது வந்த புகாரை விசாரித்த குழுவில் நாங்கள் மூவரும் இருந்தோம். விதி தெளிவானது, விடைத்தாளும் தெளிவானது. எல்லாம் கேட்டபின் அவர், "என்னைப் பத்தி எழுதிக் கொடுத்தது யாருங்க ஐயா?" என்றார். எழுதிக் கொடுத்தவர் அதே மேசையில், எங்கள் மூவரில் ஒருவராக அமர்ந்திருந்தார். நாங்கள் கோப்பைப் புரட்டினோம். அவர் கையொப்பமிட்டுவிட்டுப் போனார். அடுத்த பருவத்துக்கு வரவில்லை.

அல்திங் மன்றுகளில் நீதிபதி ஒருவர் எதிர்த்தரப்புக்கு உறவினர் என்றால் அவரை விலக்கக் கோரும் உரிமை வழக்காடிகளுக்கு இருந்தது. இடைக்காலப் பண்ணைக்காரனுக்குக் கிடைத்த அந்த உரிமை எங்கள் மாணவருக்குக் கிடைக்கவில்லை. கேட்கலாம் என்றும் அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்த நாங்கள் சொல்லவில்லை. புகார் எழுதியவர் யார் என்பதை இக்கட்டுரையிலும் தவிர்த்துவிட்டோம். பழக்கம் எளிதில் போவதில்லை.

அவருடைய முகவரி அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. கடிதத்தின் முதல் வரியை மூவரும் மூன்று விதமாக எழுதிப் பார்த்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை புத்தகம் இல்லை, அக்கடிதம்தான்.