ஏரி கற்றுத் தந்த கணக்கு

"எந்நேரமும் அந்தப் பெட்டியின் முன்னால் அமர்ந்து பொழுதைப் போக்குகிறான்" என்று பிள்ளையைப் பற்றிக் குறைப்படாத பெற்றோர் இன்று அரிது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் வீட்டில் அந்தக் குரல் எழுந்துவிட்டது. அன்றைய பொழுதுபோக்கே பின்னாளில் என் தொழிலாயிற்று. கணிப்பொறியில் உருவாகும் அசையும் படங்களில் தண்ணீரை அசைய வைப்பது என் வேலை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. நான் வந்த வழியில் பெற்றோருக்குப் பயன்படும் செய்திகள் சில உண்டு என்பதால் எழுதுகிறேன்.

என் ஊர் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப்பெரிய உவர்நீர் ஏரியின் தென்கரையில் அமைந்தது. ஏரியைச் சுற்றிலும் மீனவர் குப்பங்கள். வாப்பா அக்குப்பங்களில் இறாலும் நண்டும் வாங்கிச் சென்னைக்கு அனுப்பும் வியாபாரி. உம்மா, ஊர்ப் பெண்கள் பலரையும் போலப் பனை ஓலைப் பெட்டி முடைபவர். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. 1980 ஜூலை 18 அன்று அங்கிருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அதன் திட்ட இயக்குநர் இராமேசுவரத்தில் படகு வைத்திருந்தவரின் மகனான அப்துல் கலாம் என்பது வாப்பாவின் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. "கரையில் பிறந்த பிள்ளை கணக்கைப் பிடித்துக்கொண்டால் போதும்" என்று அவர் அடிக்கடி சொல்வார்.

1986இல், எனக்குப் பதினான்கு வயதானபோது, சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா ஸ்பெக்ட்ரம் என்னும் சிறு கணிப்பொறியைக் கொண்டு வந்தார். அதற்கெனத் தனித் திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்க வேண்டும். எழுதிய நிரலைப் பாட்டுக் கேட்கும் கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். அதன் நினைவகம் 48 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குக்கூட அது போதாது.

திரையில் குறுக்கே 256 புள்ளிகள், நெடுக்கே 192 புள்ளிகள். இந்தக் கட்டங்களைக் கண்டதும் எனக்கு அச்சம் தோன்றவில்லை. ஒரு காலத்தில் எங்கள் ஊரிலிருந்து கப்பலேறிய துணி கட்டம் போட்ட துணிதான். மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'கைன் பெலிகாட்' என்கின்றனர். அப்பெயரில் ஒலிப்பது எங்கள் ஊரின் பெயரே. உம்மாவின் ஓலைப் பெட்டியிலும் அதே கணக்குத்தான்: ஓர் ஓலை மேலே, ஓர் ஓலை கீழே. எந்த இடத்தில் சாய ஓலையை நுழைத்தால் எந்தப் பூ விழும் என்பதை உம்மா எண்ணி எண்ணிச் சொல்வார். புள்ளியை எண்ணிப் படம் வரைய நான் கற்றது அவரிடமிருந்துதான்.

ஆனால் என்ன வரைவது என்பதில் ஒரு தடை எழுந்தது. மனிதர், விலங்கு ஆகியவற்றின் உருவங்களை வரைவதை உம்மா விரும்பவில்லை. இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றைத் தீர்த்துச் சொல்லும் தகுதி எனக்கில்லை. உம்மாவின் மனம் நோகக் கூடாது என்பது மட்டுமே அன்று எனக்குத் தெரிந்தது. "தண்ணீரை வரையலாமா?" என்று கேட்டேன். "தாராளமாக வரை. ஏரி வாசலிலேயே கிடக்கிறதே!" என்றார்.

அன்று தொடங்கியது என் பாடம். பள்ளிக் கணக்கில் வரும் சைன் வளைவை எடுத்து அலையாக ஓட விட்டேன். அது கயிற்றை உதறியது போல இருந்ததேயன்றித் தண்ணீராகத் தோன்றவில்லை. நீளத்திலும் வேகத்திலும் வேறுபட்ட மூன்று வளைவுகளைக் கூட்டியபோது அலை பிறந்தது. வாப்பாவைப் பார்க்க வந்த மீனவப் பெரியவர் ஒருவர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இது கடல் அலை. நம்ம ஏரியில் ஆழம் ஏது? இங்கே அலை குட்டையாக, நெருக்கி நெருக்கி வரும்" என்றார். பள்ளிக்கூடத்தின் பக்கம் போகாதவர் அவர்.

அவர் கண்ணால் கண்டதைப் பல ஆண்டுகள் கழித்து நூல்களில் சூத்திரமாகப் படித்தேன். ஆழமற்ற நீரில் அலையின் வேகத்தை ஆழமே கட்டுப்படுத்துகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர்தான். ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்காகும். நீரில் தெரியும் துடுப்பு முறிந்தாற்போல் தோன்றுவதற்கும் விதி உண்டு. ஒளி முறியும் அந்த விதியைப் பாக்தாதில் இப்னு ஸஹ்ல் என்னும் அறிஞர் 984ஆம் ஆண்டளவிலேயே எழுதி வைத்தார். அதே நகரில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே கணிப்பொறித் துறையினர் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல் பிறந்தது.

கல்லூரிப் படிப்புக்குப் பின் சென்னையில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்தேன். நீர், புகை, நெருப்பு, துணி ஆகியவற்றின் அசைவை உருவாக்க அங்கே தனிப் பிரிவு இருந்தது. உம்மாவுக்காக நான் தேர்ந்த வழி ஒரு தனித் துறையாகவே இருப்பதை அறிந்து வியந்தேன். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள்; ஒரு நிமிடத்துக்கு 1440. ஒவ்வொன்றிலும் அலை பிசகாமல் நகர வேண்டும். சென்னையில் அத்தொழில் தலையெடுத்த காலம் அது. நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து, அதைக் கொண்டே முழுநீளமும் உருவாக்கப்பட்ட 'சிந்துபாத்' படம் 2000இல் வெளிவந்தது. அதன் பின்னணியில் இருந்தது சென்னையின் பென்டாஃபோர் நிறுவனம்.

2002இல் நான் பணியாற்றிய நிறுவனம் மூடப்பட்டது. மனைவி, கைக்குழந்தை, கடன். துபாயில் கணக்கு எழுதும் நிரல்களை உருவாக்கும் வேலை கிடைத்தது, ஏற்றுக்கொண்டேன். அலை மீண்டும் பொழுதுபோக்காயிற்று. அதையும் தொடர்ந்திருக்க முடியாது, அனிமேஷன் மென்பொருளின் விலை என் சம்பளத்துக்கு எட்டாதது. எட்டும்படி செய்தவர் ஒரு டச்சுக்காரர்.

நெதர்லாந்தின் டான் ரூசண்டாலும் என்னைப் போலவே வீட்டுக் கணிப்பொறியில் தொடங்கியவர். அமிகா என்னும் கணிப்பொறியில் தாமே நிரல் எழுதிப் பழகி, 1989இல் நண்பருடன் சேர்ந்து அனிமேஷன் நிறுவனம் கண்டார். 1994இல் பிளெண்டர் என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினார். 2002இல் அதை விற்று வந்த நிறுவனம் மூடப்பட்டபோது, உரிமையை மீட்க உலகெங்குமுள்ள பயனாளரிடம் நன்கொடை கேட்டார். ஏழு வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரண்டது. 2002 அக்டோபர் 13 முதல் பிளெண்டர் எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருள். அவர் நாட்டவர் 1613இல் எங்கள் ஊரில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, துணியை வாங்கிக் கப்பலேற்றினார்கள். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்நாட்டிலிருந்து விலையின்றி ஒரு கருவி வந்து சேர்ந்தது.

பகலில் கணக்கு, இரவில் அலை என எட்டு ஆண்டுகள் கழிந்தன. வாப்பாவின் மறைவுச் செய்தி அங்கேதான் என்னை வந்தடைந்தது. அந்த வாரம் நான் உருவாக்கியது எங்கள் ஏரிதான்: குட்டையான, நெருங்கிய அலைகள். 2010இல் அதைக் கண்ட சென்னை நிறுவனம் ஒன்று என்னை அழைத்தது. "தண்ணீர் தெரிந்தவர் நீங்கள்" என்றார் நேர்காணல் செய்தவர். அந்தப் பாராட்டில் பாதி மீனவப் பெரியவருக்கு உரியது.

2025இல் ஆஸ்கர் பெற்ற 'ஃப்ளோ' என்னும் லாட்விய நாட்டு அனிமேஷன் படம் முழுவதும் பிளெண்டரில் உருவானது. வெள்ளம் சூழ்ந்த உலகில் படகேறிச் செல்லும் ஒரு பூனையின் கதை. படம் முழுவதும் நீர். பெரும் செல்வம் படைத்த நிறுவனங்களால் மட்டுமே முடியும் என்றிருந்த வேலை இன்று குப்பத்துப் பிள்ளையின் கைக்கும் எட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளை பிறர் செய்ததைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா, தானே எதையேனும் செய்கிறதா என்று முதலில் கவனியுங்கள். இரண்டும் ஒன்றல்ல. செய்கிற பிள்ளையிடம் "இதனால் என்ன வருமானம்?" என்று முதல் நாளே கேட்காதீர்கள். "என்ன செய்தாய், காட்டு" என்று அருகில் அமருங்கள். கணிப்பொறி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓலையும் வலையும் காற்றும் மீனும் உங்களுக்குத் தெரியும். பிள்ளை செய்ததில் எது சரியில்லை என்று சொல்ல அந்த அறிவு போதும்.