வாய்க்கால் ஓர வயல்

கண்ணு, டேட்டா வேலைக்குப் போன முதல் வாரமே, "இதுதான் நல்லது தாத்தா, சராசரியே சொல்லுதே" என்று போனில் சொன்னாய். இருபத்து நாலு வயதில் நானும் அப்படித்தான் பேசினேன். இரண்டு நெல் ரகங்களை நட்டுப் பார்த்த சோதனை. ஒன்று சராசரியில் கூடுதலாக விளைந்தது. அதையே சிபாரிசு செய்து அறிக்கை எழுதிவிட்டேன். மேலதிகாரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வாய்க்கால் ஓர வயல்ல எதை நட்டீங்க?" ஜெயித்த ரகத்தைத்தான் நட்டிருந்தோம். அறிக்கையை நானே கிழித்துப் போட்டேன்.

உனக்கு அசல் கணக்கு ஒன்று சொல்கிறேன். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். டி-சோதனைக்கு அதுதான் ஆதி. அதில் பத்து நோயாளிகள் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு தூக்க மருந்துகளையும் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். முதல் மருந்தில் கிடைத்த கூடுதல் தூக்கம் சராசரியாக 0.75 மணி, இரண்டாவதில் 2.33. வித்தியாசம் 1.58 மணி.

இவை வெவ்வேறு இருபது பேரின் எண்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த வித்தியாசத்துக்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி மைனஸ் 0.2-இல் தொடங்கி 3.4 வரை போகிறது. பூஜ்யம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. "இரண்டு மருந்தும் ஒன்றே" என்ற எடுகோளைத் தள்ள வழியில்லை. அதற்காக வித்தியாசமே இல்லை என்று எழுதிவிடாதே. மூன்று மணி நேரமும் அதே இடைவெளிக்குள்தானே இருக்கிறது!

அவரவரை அவரவரோடு ஒப்பிட்டுப் பார். இடைவெளி 0.70 முதல் 2.46 ஆகச் சுருங்கி, பூஜ்யம் வெளியே போய்விடுகிறது. எண்களும் அதேதான், சராசரியும் அதேதான். எதைக் கொடுத்தாலும் தூங்குகிறவர், எதைக் கொடுத்தாலும் புரள்கிறவர் என்று ஆளுக்கு ஆள் இருந்த பேதம் மட்டும் கழிந்துபோனது. என் சோதனையிலும் வயலுக்கு வயல் இருந்த பேதத்தைத்தான் நான் கழிக்கவில்லை. ஆனால் எந்தக் கணக்கு பிடித்த விடையைத் தருகிறது என்று பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்காதே. சோதனை நடந்த விதம்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.

95 சதவீதம் என்பதும் இந்த ஒரு இடைவெளிக்கான உத்தரவாதமல்ல. இதே முறையில் நூறு தடவை செய்தால் ஏறக்குறைய 95 இடைவெளிகள் உண்மையான வித்தியாசத்தைப் பிடிக்கும். உன் கையில் இருப்பது பிடித்ததா, தவறவிட்டதா என்று உனக்குத் தெரியாது. எனக்கும்தான்.

பத்துப் பேரின் வித்தியாசங்கள் இவை: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. கம்ப்யூட்டரைத் தொடாமல் இடைவெளியைத் தாளில் போட்டுப் பார். பிறகு 4.6-ஐ எடுத்துவிட்டு இன்னொரு தடவை போடு; திட்டப் பிழையைப் பெருக்கும் எண் 2.262-க்குப் பதில் 2.306. சராசரி குறையும். இடைவெளியின் கீழ் எல்லை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.