அகலமான சப்பாத்து

ஜனவரி வந்தால் எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் 'பனிக்கால விளையாட்டு' பாடம். ஸ்கார்பரோவில் நான் பாடம் நடத்தத் தொடங்கி ஆறு வருடமாகிறது. ஒரு படக்கதை வாசிக்க வேண்டும், அதிலிருந்து ஒரு விஷயத்தைப் பிடித்துப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க வேண்டும். கடைசியில் எல்லோரையும் ரிங்குக்கு அழைத்துப் போக வேண்டும். இதை நடத்துவது மதுரைப் பக்கத்துக்காரி. என் இளமையில் நான் பார்த்த பெரிய ஐஸ் எல்லாம் மீன்கடையில் மரத்தூள் போட்டு மூடிய பாளம்தான்.

அந்த வருடம் எடுத்தது ரோக் கேரியரின் 'தி ஹாக்கி ஸ்வெட்டர்'. கியூபெக் கிராமத்துச் சிறுவன் ஒருவன், மாண்ட்ரியல் அணியின் சிவப்பு ஸ்வெட்டருக்காகக் காத்திருக்கிறான். தபாலில் வருவதோ டொரண்டோ அணியின் நீல ஸ்வெட்டர். அம்மா திருப்பி அனுப்ப மாட்டேன் என்கிறாள். ஊரே சிவப்பில் விளையாடும்போது இவன் மட்டும் நீலத்தில் போய் நிற்கிறான். கனடாவில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு, ஐந்து டாலர் நோட்டிலேயே ஒரு வரி அச்சாகியிருந்தது. ஆனால் இதை டொரண்டோ பிள்ளைகளிடம் வாசிப்பது தனிக் கூத்து. "நீலம் நல்ல ஸ்வெட்டர்தானே, ஏன் அழுறான்?" என்று ஒருவன் உண்மையாகவே கேட்டான்.

பின்வரிசையில் ஒரு சின்னப்பெண் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். நாலு மாதத்தில் வகுப்பில் வாயே திறந்ததில்லை. அவளுக்கு அந்தப் பையனின் அழுகை புரிந்திருக்கும் என்று நினைத்தேன். நானாக நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

அடுத்து செய்முறை. இரண்டு ஹாக்கி பக் கொண்டுவந்திருந்தேன். ஒன்றை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இரண்டையும் போட்டு, எது எவ்வளவு எம்புகிறது என்று சுவரில் டேப் ஒட்டி அளந்தார்கள். குளிர்ந்த ரப்பர் விறைத்துப்போய் அவ்வளவாக எம்பவில்லை. அதனால்தான் பெரிய ஆட்டங்களில் பக்கை உறையவைத்துத்தான் இறக்குகிறார்கள் என்றதும் ஒரே ஆரவாரம்.

அந்தச் சூட்டோடு ஸ்கேட் ஏன் வழுக்குகிறது என்பதற்கு வந்தேன். கத்தி மாதிரி மெல்லிய தகடு, உடம்பின் எடை முழுவதும் அதில் இறங்குகிறது, அழுத்தம் கூடுகிறது, ஐஸ் உருகுகிறது, அந்தத் தண்ணீரில் சறுக்குகிறோம். ஐஸ் பாளத்தின் மேல் கம்பி, கம்பியின் இரு முனையிலும் எடைக்கல்: அந்தப் படத்தைப் போட்டு நான் ஐந்து மார்க் வாங்கிய பதில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எல்லோரும் மேசையைத் துடைக்கும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். தமிழில், ரகசியம் மாதிரி, "என்ர சப்பாத்து அகலம்தானே மிஸ். பிறகு ஏன் வழுக்குது?"

காலையில்தான் பள்ளி வாசலில் அவள் விழுந்திருந்தாள்.

என் வாய்க்கு வந்தது "அப்புறம் சொல்றேன், போய் உக்காரு". பத்தாம் வகுப்பில் இதே மாதிரி ஏதோ கேட்டபோது எங்கள் வாத்தியார் சொன்ன வார்த்தை 'அதிகப்பிரசங்கி'. பிறகு அந்த வருடம் முழுக்க நான் எதுவும் கேட்கவில்லை. வார்த்தையை விழுங்கிவிட்டு, "எனக்குத் தெரியலைம்மா. நாளைக்குச் சொல்லவா?" என்றேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் ஐஸின் உருகுநிலை ஏறக்குறைய 0.0075 டிகிரிதான் இறங்கும். ஒரு டிகிரி இறங்கவே 130-க்கும் மேல் வளிமண்டலம் வேண்டும். அன்று வெளியே மைனஸ் 12. அவள் எடை இருபத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். இருபது வருடமாக நான் சுமந்த பதில் ஒரு ஜோடி குளிர்கால பூட்ஸைக்கூடத் தாங்கவில்லை. உரசும் சூடு காரணம் என்று பார்த்தால், சும்மா நிற்பவர்களும் வழுக்கி விழுகிறார்கள்.

1850-லேயே மைக்கேல் ஃபாரடே வேறு மாதிரி யோசித்திருக்கிறார். யாரும் அழுத்தாமலே ஐஸின் மேற்பரப்பில் நீர்போல ஒரு மெல்லிய படலம் இருக்கிறது என்றார். உள்ளே இருக்கும் மூலக்கூறை நாலாபக்கமும் பிடித்துக்கொள்ள ஆள் உண்டு. மேல் விளிம்பில் இருப்பதற்கு ஒரு பக்கம் யாருமில்லை, அதனால் அது கொஞ்சம் தளர்வாக ஆடுகிறது. இந்தப் படலம் எவ்வளவு, உரசல் எவ்வளவு என்று இன்னும் விவாதம் நடக்கிறது. புத்தகம் எனக்கு இதைச் சொல்லவேயில்லை என்று கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

மறுநாள், "நேத்து நான் சொன்னது சரியில்லை" என்று வகுப்பில் சொன்னேன். பிள்ளைகளுக்கு அதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. எனக்குத்தான் காது சூடானது. கேள்வி யாருடையது என்று சொல்லலாமா என்று கண்ணால் கேட்டேன். அவள் தலையாட்டினாள், சொன்னேன்.

தட்டுகளில் தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டிகளை மிதக்கவிட்டோம். இரண்டை லேசாகத் தொடவைத்தால் ஒட்டிக்கொள்ளும், ஃபாரடே பார்த்ததும் இதைத்தான். மேல்படலம் இரண்டு கட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உறைந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம். பையன்கள் பலங்கொண்டு அழுத்திக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் ஒற்றை விரலால் தொட்டும் தொடாமலும் தள்ளினாள். ஒட்டியது. வகுப்புக்கே கேட்கும்படி, இங்கிலீஷில், "நோ புஷிங்!" என்றாள்.

வெள்ளிக்கிழமை ரிங்கில் அவளுக்கு ஸ்கேட் கயிற்றை நான்தான் இறுக்கிக் கட்டினேன். இரண்டு தடவை விழுந்தாள், மூன்றாவது தடவை நகர்ந்துவிட்டாள். எனக்கு இன்றுவரை ஸ்கேட்டிங் வராது. ஓரப் பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தேன். ஒரு சுற்று முடித்து மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"மிஸ், பலகைய விடுங்கோ. ஒண்டும் ஆகாது."