விலங்குக்கு முன் வினா

கானுயிர்ச் சூழலியல், அதாவது காட்டு விலங்குகளுக்கும் அவை வாழும் இடத்துக்கும் உள்ள உறவை ஆராயும் துறை, முதுநிலை மாணவருக்குத் திறந்து வைத்திருக்கும் வாயில்கள் சிலவே. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் டேராடூனிலுள்ள இந்திய வனஉயிரின நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் அவற்றுள் அடங்கும். புலி, யானை என்று ஏதேனும் ஒரு விலங்கை மனத்தில் வைத்துக்கொண்டே பெரும்பாலோர் நுழைகின்றனர். ஆய்வேட்டுக்குக் கிடைக்கும் சில மாதங்களில் விடை காணத்தக்க வினா அமையாவிட்டால், அந்த ஆர்வம் குறிப்பேட்டை நிரப்புவதோடு நின்றுவிடும். விடை காணத்தக்க வினாவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: சிவகாசியில் விலங்கியல் ஆசிரியராக இருந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் 1976-78இல் பந்திப்பூரில் செந்நாய்களை ஆராய்ந்தபோது, அவை எதைத் தின்கின்றன என்பதை எச்சத்தில் கிடந்த மயிரும் இரையின் மிச்சமும் சொல்லின.

வினா அமைந்த பின்பும் அளவீட்டில் நேர்மை வேண்டும். மான்களின் அடர்த்தியைக் கணிக்கக் காட்டினூடே வகுத்த நேர்கோட்டில் விடியற்காலையில் நடந்து, கண்ட கூட்டத்தின் எண்ணிக்கை, தொலைவு, கோணம் ஆகியவற்றைக் குறித்து, கோட்டிலிருந்து அது நின்ற செங்குத்துத் தொலைவைக் கணக்கிடுவது வழக்கம். தொலைவு கூடக்கூடக் கண்ணில் படும் வாய்ப்பு எவ்வாறு குறைகிறது என்பதிலிருந்தே கண்ணில் படாதவற்றின் எண்ணிக்கையும் கணிக்கப்படுகிறது. 60 மீட்டர் தொலைவில் நிற்கும் புள்ளிமான் கூட்டத்தின் 5 பாகைக் கோணத்தைச் சோம்பலால் சுழியம் என்று எழுதினால், ஏறத்தாழ 5 மீட்டர் விலகி நின்ற கூட்டம் கோட்டின் மேலேயே நின்றதாகிவிடும். இத்தகைய பதிவுகள் பெருகினால் காட்டில் இல்லாத மான்களும் கணக்கில் வந்துவிடும். மிரண்டு ஓடி நின்ற இடத்தையன்றி, முதலில் நின்ற இடத்தையே குறிக்க வேண்டும் என்பதும் எளிதில் மறக்கப்படும் விதி. உடன் நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலரின் கண் பெரும்பாலும் மாணவரின் கண்ணை முந்திக்கொள்ளும் (ஆய்வேட்டில் அவர் பெயர் நன்றியுரையைத் தாண்டுவது அரிது).

சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய, 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விலங்கைப் பிடிப்பதானால் அதற்குத் தனி அனுமதி தேவை. அனுமதிக்குக் காத்திருந்தே படிப்புக்காலம் கரைவதுண்டு என்பதால், காப்புக்காடுகளுக்கு வெளியிலுள்ள ஏரிகளையும் தோட்டங்களையும் இரண்டாந்தரக் களங்களாகக் கருதும் மனப்போக்கு பொருந்தாது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில் வாழும் சிங்கவால் குரங்குகள், உரிமையாளரின் இசைவோடு பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றன.