சமஉயரக் கோடுகள்

1978இல் மேல்நிலை வகுப்புகள் வந்தபின் புவியியலை எடுத்துப் படித்த எங்களுக்கு, தமிழ்ப் பாடத்தில் கிடைக்காத ஒரு பயிற்சி அதன் செய்முறை வகுப்பில் கிடைத்தது: விசேஷணங்கள் இல்லாமல் ஒரு மலையைப் பார்ப்பது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளில் மலை என்பது பழுப்புக் கோடுகளின் நெருக்கம், அவ்வளவே. கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயரம். நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு. ஒரு காகித விளிம்பைக் குறுக்கே வைத்துக் கோடுகள் தொடும் இடங்களைக் குறித்து, கிராஃப் தாளில் உயரத்துக்கேற்பப் புள்ளி வைத்துச் சேர்த்தால் குறுக்குவெட்டாக மலை எழும்பும். நீர் விஷயத்திலும் இதே கறார். வற்றாத ஓடைக்கு நீலம், மழைக்கு மட்டும் ஓடுவதற்குக் கறுப்பு. ஆறு என்றதுமே சலசலக்கத் தொடங்கிவிடும் நம் கவிஞர்களுக்கு இந்தக் கறுப்பு மை கொஞ்சம் தேவைப்படுகிறது.

இவ்வளவு கறாரான மொழி எங்கள் இராமநாதபுரம் பக்கம் வந்ததும் ஊமையாகிவிடுகிறது. வகுப்பில் தருவது எப்போதும் மலைப்பிரதேசத் தாள்தான். எங்கள் சமவெளியில் வெட்டிப் பார்க்கக் கோடு ஏது? (கடலோரத் தாள்கள் அப்போது எளிதில் கிடைப்பவையும் அல்ல.) ஆனால் அங்கே பிழைப்பு முழுவதும் சரிவை நம்பித்தான். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு தாண்டும் நீர் அடுத்த கண்மாய்க்கு. அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. வைகையே இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்த்தான் அடங்குகிறது, மிஞ்சினால்தான் கடல். கண்மாய்க்கும் கண்மாய்க்கும் நடுவே இறக்கம் சில அடிகள். 20 மீட்டர் சல்லடையில் அது நிற்காது. எந்த மடையை எவ்வளவு நேரம் திறப்பது, எந்த வயலில் தண்ணீர் கடைசியாக ஏறும் என்பதெல்லாம் நீர்பாய்ச்சியின் காலுக்குத் தெரியும்.

திணைக் கோட்பாட்டைத் தூக்கிப் பிடிக்கும் விமர்சகர்களிடமும் எனக்குள்ள சண்டை இதுதான். மருதம் என்று சொல்லிவிட்டால் தலைமடையும் கடைமடையும் ஒன்றாகிவிடுகின்றன. வெட்டுக்குத்து நடப்பது கடைமடையில். அளவுகோல் பெரிதாக இருப்பதைப் பார்வை விசாலமாக இருப்பதாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் கண்மாயின் நீர்பாய்ச்சி இறந்தபின் அந்த வேலைக்கு யாரையும் வைக்கவில்லை. வரத்துக்கால் மண்மூடிக் கிடக்கிறது. எந்தப் பக்கம் இறக்கம் என்பதில் ஊரில் இரண்டு கட்சி.