வைக்கோலில் விளையும் கண்ணாடி

தம்பலகாமத்து வயலில் நெல் இலையை நுனியிலிருந்து அடிவரை விரலால் உருவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தோலைக் கீறும். அந்தச் சொரசொரப்புக்கு முக்கிய காரணம் சிலிக்கா. மண்நீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை நெல் தேடி உறிஞ்சுகிறது. அதற்கென்றே வேரில் தனிக் கடத்திப் புரதங்கள் இருப்பதை யப்பானிய ஆய்வாளர்கள் 2006இலும் 2007இலும் வெளியிட்டார்கள். உறிஞ்சிய நீர் இலைவழியே ஆவியாகிறது. சிலிக்கா கலங்களுக்குள் படிந்து, கலத்தின் வடிவத்திலேயே இறுகுகிறது. அந்த நுண்துகளைத்தான் பைட்டோலித் என்கிறோம். தாள் உக்கி மண்ணாகிப் பல நூறு ஆண்டுகள் கழிந்தாலும் அது மண்ணில் கிடக்கும்.

அதைப் பிரித்தெடுத்துப் பார்ப்பது என் தொழில். மண்ணைச் சலித்து, ஐதரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணாம்பை நீக்கி, ஐதரசன் பேரொட்சைட்டால் உக்கலை எரித்து, களியை நீரில் கலக்கி அடையவிட்டு வடிக்க வேண்டும். பிறகு சோடியம் பொலிதங்ஸ்தேற்றுக் கரைசல். அதன் அடர்த்தியை 2.3 அளவுக்குச் சரிசெய்தால் பைட்டோலித்துகள் மிதக்கும், 2.65 அடர்த்தியுள்ள குவார்ட்சு மணல் அடியில் தங்கிவிடும். வயல்மண் இந்த வேலைக்கு ஓரளவு இணங்கும். கொட்டியாரக் குடாக் கரையின் கண்டற்சேறு இலேசில் இணங்காது. சிப்பித்தூள், உப்பு, வேர்நார் எல்லாவற்றையும் கழித்த பிறகும் டயற்றம் என்னும் நுண்பாசிகளின் ஓடுகளும் கடற்பஞ்சு ஊசிகளும் கூடவே மிதந்து வரும். அவையும் அதே சிலிக்காதான். அடர்த்தியால் பிரிக்க முடியாது, கண்ணால்தான் பிரிக்க வேண்டும்.

கண் பழகுவதற்குக் காலம் வேண்டும். நெல்லிலையின் பெரிய கலங்கள் விசிறி வடிவில் இறுகும். உமியின் கலத்தில் இரண்டு முனைகள் எழுந்து நிற்கும். பனையும் தென்னையும் முள்ளுருண்டைகளை விட்டுச் செல்லும். இலுக்குப் புல்லில் நடு ஒடுங்கி இருபுறமும் புடைத்த துகள்கள். ஒரு பக்கத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக் கூடாது. வழுக்கியில் எண்ணெய் இட்டு, மூடுகண்ணாடியை ஊசிமுனையால் மெல்லத் தட்டினால் துகள் புரளும். அதன் மறுபக்கத்தையும் பார்த்த பிறகே எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். மணற்துகளோ என்ற ஐயம் வந்தால் நுணுக்குக்காட்டியில் குறுக்கு முனைவாக்கிகளைப் போடலாம்: குவார்ட்சு ஒளிரும், பைட்டோலித் இருண்டுவிடும்.

இந்தப் பொறுமையால்தான் களுத்துறை மாவட்டத்து பாகியன்கல குகையில், ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர் பயன்படுத்திய தாவரங்களைப் பற்றிப் பேச முடிகிறது. ரத்னசிறி பிரேமதிலகவும் கிறிஸ் ஹண்டும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் குகைமண்ணின் பைட்டோலித்துகளை வைத்து எழுதப்பட்டது. நம் ஈரவெப்பத்தில் இலையும் தண்டும் எஞ்சுவது அரிது, சிலிக்கா எஞ்சியது.

இப்போது இந்தத் துகளிடம் உலகம் வேறொன்றை எதிர்பார்க்கிறது. சிலிக்கா இறுகும்போது கலத்தின் காபனில் சிறிதளவு உள்ளே சிக்கிக்கொள்கிறது. அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் பூட்டியே கிடக்கும் என்று அவுஸ்திரேலியாவின் பாரும் சலிவனும் 2005இல் எழுதினார்கள். நெல்லிலும் கரும்பிலும் மூங்கிலிலும் காபனைச் சேமிக்கலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்து வளர்ந்தது. 2010இல் குவாசியாரா சாண்டோஸ் குழுவினர் அண்மையில் வளர்ந்த தாவரங்களின் பைட்டோலித்துகளைக் கதிர்க்காபன் முறையில் அளந்தபோது, வயது நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்று வந்தது. புதுத் தாவரத்தில் பழைய காபன் எப்படி வரும்? துகளில் ஒட்டிய அழுக்கா, வேர் உறிஞ்சிய பழைய மண்காபனா என்று விவாதம் மூண்டது. கடுமையாகக் கழுவினால் காபன் அளவு துகளின் எடையில் நூறில் ஒரு பங்கிற்கும் வெகு கீழே இறங்குகிறது. அப்படிக் கழுவுவது துகளையே அரித்து உள்ளிருந்த காபனையும் போக்கிவிடுகிறது என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

ஆக, பூமியின் காபன் கணக்கில் ஒரு வரி, சோதனைக்குழாயை எவ்வளவு கழுவுகிறோம் என்பதில் தொங்குகிறது. இந்த வேலையைக் கையால் செய்கிறவன் என்ற முறையில் நான் குறைந்த கணக்கின் பக்கம் நிற்கிறேன். பைட்டோலித்தைக் காட்டிக் காபன் வரவு விற்க வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எப்படிக் கழுவினீர்கள் என்பதே.

சிலிக்காவின் பெரிய காபன் வேலை அந்தத் துகளுக்கு வெளியே நடக்கிறது. மழைநீரில் கரைந்த காபனீரொட்சைட்டு மலைநாட்டுப் பாறையைக் கரைக்கிறது. கரைந்த சிலிக்காவை மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் சேர்க்கிறது. வழியில் காடும் புல்லும் வயலும் அதை எடுத்து, வைத்திருந்து, மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கின்றன. கடலில் டயற்றங்கள் அதைக் கொண்டு ஓடு கட்டுகின்றன. பூமியில் நடக்கும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயற்றங்களுடையது. அவை மடிந்து மூழ்கும்போது காபனில் ஒரு பகுதி ஆழத்துக்குப் போகிறது. நைதரசன் ஓர் அலகு என்றால் சிலிக்கனும் ஏறக்குறைய ஓர் அலகு வேண்டும் அவற்றுக்கு. வயலிலிருந்து உரம் மட்டும் ஓடிவந்து சிலிக்கா குறைந்தால், டயற்றம் பின்வாங்கும். மற்றப் பாசிகள் இடம்பிடிக்கும்.

வயலுக்கும் இதில் நேரடி இலாபம் உண்டு. சிலிக்கா நிறைந்த நெல் எரிபந்த நோயையும் தத்திகளையும் கூடுதலாகத் தாங்கும், எளிதில் சாயாது. நெல் உறிஞ்சிய சிலிக்காவில் பெரும்பகுதி அறுவடைக்குப் பின் வைக்கோலிலேயே நிற்கிறது. வைக்கோலைக் குவித்து எரித்தால் சிலிக்கா அழியாது. ஆனால் வயலின் ஒரு மூலையில் சாம்பலாகக் குவியும், நைதரசனும் காபனும் புகையாகப் போய்விடும். உமியை வெள்ளைச் சாம்பலாகும்வரை கடும் வெப்பத்தில் எரித்தால் சிலிக்கா பளிங்காக மாறி மண்ணில் கரையத் தயங்கும்; கறுத்த உமிக்கரி அதைவிட எளிதாகக் கொடுக்கும்.

ஆகவே கந்தளாய், மூதூர், தம்பலகாமம் விவசாயிகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: பெரும்போக அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைக்காதீர்கள். வயல் முழுவதும் பரப்பி, சிறுபோகத்துக்கு உழும்போது மண்ணோடு மடியுங்கள். காபன் கணக்கு எப்படி முடிந்தாலும் இதில் உங்களுக்கு நட்டமில்லை.