டைரக்டரான தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பம்ப்செட் கம்பெனியில் உன்னை டைரக்டராகப் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னார். ரொம்ப சந்தோஷம். ஆனால் நேற்று போனில், "ஜெயில் எல்லாம் எடுத்துட்டாங்களே அக்கா, இன்னும் எதுக்கு அந்த ஃபாரம்?" என்றாயே, அதற்குப் பதில் சொல்லாமல் விட முடியவில்லை. கம்பெனி செக்ரட்டரி வேலையிலேயே தலை நரைத்தவள் நான்.

எடுத்தது உண்மைதான். 1956 கம்பெனிச் சட்டத்தில், கம்பெனியில் தனக்கிருக்கும் பங்குகளைத் தெரிவிக்காத டைரக்டருக்கு இரண்டாண்டு வரை சிறை இருந்தது. பிற கம்பெனிகளில் உள்ள பங்கையும் சொல்லச் சொல்கிற 2013 சட்டத்தின் 184ஆம் பிரிவில் அது ஓராண்டு வரை என்று இருந்தது. 2020 திருத்தம் சிறையை நீக்கி, ஒரு லட்ச ரூபாய் அபராதம் என்று வைத்தது. முன்பு கோர்ட்டில் வழக்குப் போட்டு, வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுக்கும். இப்போது கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்திலிருந்தே நோட்டீஸ் அனுப்பி, விளக்கம் கேட்டு, உத்தரவு போட்டுவிடலாம். என்னைக் கேட்டால், அதிகம் பயப்பட வேண்டியது இப்போதுதான்.

அபராதத்தைக் கட்டிவிடுவாய், தெரியும். 167ஆம் பிரிவைப் படித்தாயா? ஒப்பந்தத்தில் தனக்குள்ள சம்பந்தத்தை மறைத்தவரின் டைரக்டர் பதவி தானாகவே காலியாகிவிடும். தீர்மானம் போடத் தேவையில்லை, யாரும் கை தூக்கத் தேவையில்லை. அந்த ஒப்பந்தத்தையே கம்பெனி வேண்டாமென்று ரத்து செய்யவும் முடியும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மாமனாரின் பவுண்டரியில் உனக்கு ஐந்து சதவீதம் எழுதிவைத்திருக்கிறார். அதுவும் பிரைவேட் லிமிடெட்தான். பம்ப்செட்டுக்குக் காஸ்டிங் வருவதும் அங்கிருந்தே. இரண்டு சதவீதத்துக்கு மேல் போனாலே, அந்த ஆர்டர் பேசப்படும் மீட்டிங்கில் நீ வாய் திறந்து சொல்லியாக வேண்டும். உங்களுடையது பிரைவேட் கம்பெனி என்பதால் சொல்லிவிட்டுக் கூட்டத்தில் உட்காரலாம். 2015இல் கொடுத்த சலுகை அது. உன் மனைவி பெயரில் உள்ள பங்கையும் மறக்காதே. தொடர்புடையோருடன் போடும் ஒப்பந்தங்களைப் பற்றிய 188ஆம் பிரிவில் உறவினர் கணக்கும் வரும். "வீட்டு விஷயம், எல்லோருக்கும் தெரியும்" என்று மட்டும் இருந்துவிடாதே. ஊருக்கே தெரிந்திருந்தாலும் மினிட்ஸில் இல்லாதது இல்லாததுதான்.

நீ எதற்கென்று கேட்ட ஃபாரம் இதையெல்லாம் தெரிவிக்கத்தான்; அந்த எம்பிபி-1 ஃபாரத்தை முதல் போர்டு மீட்டிங்கிலேயே கொடுத்துவிடு. அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டின் முதல் மீட்டிங்கிலும் கொடுக்க வேண்டும். பவுண்டரி பங்குப் பத்திரத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பு, நானே நிரப்பித் தருகிறேன். மாமனாரிடம் இதைச் சொல்லும்போது பக்குவமாகச் சொல்; ஏதோ சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துவிடப் போகிறார்.

அன்புடன்,
அக்கா